பெயர், நட்சத்திரம், வருடம்

ஜூலை 13, ஞாயிறு. விட்டுவிட்டு மழை.

என்னைக் கவனக்குறைவானவன் என்று எங்கள் சமூகச் சங்கம் எழுதிவிட்டது. தாளில், முத்திரையோடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சங்கத்து ஜாதகங்களை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, திருத்தி, காத்துக் கொடுத்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றது. அறுபது வயதுக்கு மேல்.

நடந்தது இவ்வளவு. என் மெயிலுக்குள் எவனோ புகுந்திருக்கிறான். வெளியூரில் வரன் கேட்பவர்களுக்கு அனுப்ப வைத்திருந்த பெண்கள் கோப்பு அதில்தான். ஜாதகம், போட்டோ, போன் நம்பர், வேலை செய்யும் இடம். மொத்தத்தையும் எடுத்துப் போய்விட்டான். இரண்டு வீடு தள்ளி இருக்கும் வித்யாவின் போட்டோவை ஒரு கல்யாணத் தளத்தில் போட்டு, அவள் பெயரில் போலிக் கணக்கு. கண்டவனெல்லாம் அவளுக்குப் போன் செய்கிறான்.

வித்யாவுக்குக் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், ஒரு மருந்துக்கடையில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். கோப்பு யாரிடம் இருந்தது, எப்படிப் போனது என்று வைத்திருந்தவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். அது வந்தால்தான் அடுத்த அடி. சங்கத்துச் செயலாளர் ரமணி (இனி செ.) அந்தத் தாளை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் மூன்றாவது வரி: ‘எனது கவனக்குறைவால்’.

வித்யா ஈரக் குடையோடு வாசலில் நின்றாள்.

“ஒரு கையெழுத்து மாமா. அவ்வளவுதான்.”

அந்த வரியை வெட்டிக்கொண்டு வா என்றேன்.

“நான் எழுதினதில்ல மாமா. ரமணி மாமா எழுதினது.”

அப்படியென்றால் ரமணியே போடட்டும் என்றேன். தாளை என் மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

என் கவனம் எப்பேர்ப்பட்டது என்று எழுதி வைக்கிறேன். பின்னால் எவனும் விரல் நீட்டக்கூடாது.

– கம்ப்யூட்டர் அறைக்குப் பித்தளைப் பூட்டு. சாவி அரைஞாணில்.
– காமிரா மேல் பிளாஸ்திரி.
– வைரஸ் தடுப்பு இரண்டு. ஒன்றோடொன்று சண்டை, வேகம் இல்லை. பரவாயில்லை.
– எவன் பென் டிரைவும் உள்ளே போனதில்லை. தங்கை மகன் அவன் கல்யாண போட்டோ காட்ட ஒன்றைக் கொண்டுவந்தான். முடியாது என்றேன். மூன்று வருடமாகப் பேச்சில்லை.
– பாஸ்வேர்டு எந்தத் தாளிலும் இல்லை. மண்டைக்குள் மட்டும்.

இதுவா கவனக்குறைவு.

முழங்கால் வலி. ஆடி, இங்கே கர்க்கடகம், பிறக்கப்போகிறது; மருந்துக் கஞ்சிக்குப் பொட்டலம் வாங்கவேண்டும்.

ஜூலை 15, செவ்வாய். வெயில், புழுக்கம்.

பாலஸ் ரோட்டில் ஷிஹாபின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. போன மாதம் விசிறி மாற்ற, பெட்டி இரண்டு நாள் அங்கே இருந்தது. வெளியாள் கைபட்டது அந்த ஒரு தடவைதான். கடையில் மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்: என் மெயிலைத் திறந்தது நீதானே?

கோபப்படவில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மெயிலை என்னையே திறக்கச் சொல்லி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, யார் எப்போது எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்று காட்டும் இடத்தைத் திறந்து காட்டினார். இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது. எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூலை இரண்டாம் தேதி ஒரு நுழைவு. வடக்கே ஏதோ ஊர். அன்று என் பெட்டி என் வீட்டில், பூட்டுக்குள்.

“பெட்டியத் தொடவே இல்ல சேட்டா. முன்வாசல் வழியா, பாஸ்வேர்டு அடிச்சுத்தான் வந்திருக்கான்.”

போனுக்கு நம்பர் வரும் இரண்டாவது பூட்டைப் போட்டிருக்கிறேனா என்று கேட்டார். அது மறதிக்காரர்களுக்கு, நான் எடுத்துவிட்டேன் என்றேன். தலையைச் சொறிந்தார். பாஸ்வேர்டை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

யாரிடமும் இல்லை, செத்துப்போன பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை என்றேன்.

கடையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவங்க பேரா, சேட்டா?”

எழுந்து வந்துவிட்டேன். எனக்காக வரவழைத்த சாயா மேஜை மேல் அப்படியே. ஊகம்தான். வயதானவன், பெண்டாட்டி இல்லாதவன், வேறென்ன வைப்பான் என்று எவனும் சொல்லிவிடலாம்.

எவனும்.

பஜார் ரோட்டில் சுக்கு வாங்கினேன். புழு. நாளை திருப்பவேண்டும்.

ஜூலை 17, வியாழன். கர்க்கடகம் ஒன்று. விடாத மழை.

சங்கத்துக் கோயிலில் கூட்டம். வழிபாட்டுக் கவுண்டரில் வரிசை. இங்கே வழக்கம் ஒன்றுதான்: பெயர், நட்சத்திரம். சொன்னால் சீட்டு எழுதுபவர் உள்ளே கேட்கும்படி திரும்பச் சத்தமாகச் சொல்வார்.

“பாகீரதி, ரேவதி” என்றேன்.

உயிரோடு இல்லாதவர்களுக்கு அர்ச்சனை கிடையாது என்று செ. நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாலு வருடமாக நான் சீட்டு வாங்குகிறேன். கோயில் பட்டியலிலிருந்தும் அவள் பெயரை எடுக்கவில்லை. அடிப்பவன் நான்.

பிரசாதத்துக்கு நின்ற இடம் கண்ணாடிப் பலகைக்கு எதிரே. பிறந்தநாள் அர்ச்சனைப் பட்டியல். முப்பத்தொரு வீடு. புருஷன், அடுத்த வரியில் பெண்டாட்டி. பெயர், நட்சத்திரம், பிறந்த வருடம். யாருக்கு அறுபது, யாருக்கு எண்பது என்று ஊருக்குத் தெரியத்தான் வருடம். கடைசிக் கட்டத்தில் போன், மெயில். கோடு போட்டு, சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல். என் வேலை. இதையேதான் செ. சங்கத்தின் இணையப் பக்கத்திலும் ஏற்றியிருக்கிறார். காசியில் இருப்பவனும் பார்க்கலாம்.

விஸ்வநாதன், சுவாதி, 1952.
பாகீரதி, ரேவதி, 1957.

இரண்டாவது வரியை மூன்று தடவை படித்தேன். அந்த வரியில் இருப்பதுதான் என் பாஸ்வேர்டு. அதே வரிசையில்.

இலை கையில் இருந்தது. சந்தனம் கரைந்து முழங்கை வரை வழிந்தது. குடையைக் கோயிலிலேயே விட்டு வந்துவிட்டேன்.

மூன்று வருடம் முன்பு சங்க ஹாலில் நான் ஒரு வகுப்பு எடுத்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டியதில்லை.

ஜூலை 18, வெள்ளி. மழை.

குடை கிடைத்தது. கம்பி ஒன்று வளைந்திருக்கிறது.

வித்யாவின் செருப்பு மூன்று நாளாக வாசலிலேயே கிடக்கிறது. வேலைக்குப் போகவில்லை. அவள் அம்மா தண்ணீர்க் குழாயடியில் பார்த்தும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் ஏன் முதலில் பேசவேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். ஞாயிறன்று ஹாலில் கேட்பேன், எல்லார் முன்னாலும். ஊர் முழுக்கத் திறந்துகிடக்கும்போது என் ஒருவன் பெயர் மட்டும் எதற்குத் தாளில்?

ஜூலை 20, ஞாயிறு. மழை இல்லை. மூட்டம்.

பஜனை முடிந்ததும் கூட்டம். ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் இருக்கும். வித்யா கடைசி வரிசையில், அம்மாவோடு. செ. எழுந்து, மூத்தவர் பிடிவாதத்தை விட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாருக்கும் நல்லது என்று ஆரம்பித்தார். உட்காரும் என்றேன். பலகையிலிருந்து பட்டியலை எடுத்துவரச் சொன்னேன்.

செ.யின் வரியிலிருந்து தொடங்கினேன். அவர் மனைவியின் பெயர், நட்சத்திரம், வருடம். இதுதானே உம்முடைய பாஸ்வேர்டு?

முகம் வெளுத்துவிட்டது. அடுத்தது உபதலைவர். அடுத்தது தையல்கடைக்காரர். ஆறு பேர். ஆறும் சரி. எவரும் மறுக்கவில்லை. இவ்வளவு நாள் கழித்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஏழாவது பொருளாளர் நாகப்பன். “என்னோடது அது இல்ல” என்று சிரித்தார். அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“பின்ன யார் பேரு?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. நாகப்பன் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அது அடங்கியதும் செ. மெதுவாகத்தான் சொன்னார்.

“ஓய் விஸ்வநாதன். இத எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? இதே ஹால், இதே போர்டு. சொந்தப் பேரு வைக்கிறவன் முட்டாள், வீட்டுக்காரி பேரை வை, நட்சத்திரம் சேர், வருஷம் சேர், சாகிறவரை மறக்காதுன்னீர். எழுதியெடுக்கப் போனவன் மேல சாக்பீஸ் எறிஞ்சீர்.”

எறிந்தேன். தையல்கடைக்காரர் மேல். அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பட்டியலை நெட்டில் ஏற்றச் சொன்னது நானா என்று கேட்டேன். அது உம்ம தப்பு, இது என் தப்பு என்று கொஞ்ச நேரம். எனக்கு ஆதரவாக இரண்டு குரல், அவருக்கு ஐந்தாறு. யாரோ சாயா கொண்டுவரச் சொன்னார்கள்.

வித்யா எழுந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. பேசத் தொடங்கியபோதுதான் பார்த்தேன். இளைத்திருந்தாள்.

“மாமா, இவங்க பாஸ்வேர்டெல்லாம் எனக்கு எதுக்கு? செவ்வாக்கிழமை கடைக்கு ஒருத்தன் வந்தான். மருந்து கேக்கல. மகம் நட்சத்திரம்தானேன்னு கேட்டான். என் பேரைக்கூடச் சொல்லல மாமா. நட்சத்திரத்தச் சொன்னான்.”

செவ்வாய்க்கிழமை. நான் ஷிஹாப் கடையில் மூன்று பேர் முன்னால் கத்திக்கொண்டிருந்த நாள். அந்தத் தாள் ஞாயிறன்றே என் மேஜை மேல் இருந்தது.

“சண்ட போடுங்கோ. ஞான் வேண்டாம்னு சொல்லல. கையெழுத்துப் போட்டு அந்தக் கடலாசு மட்டும் தாங்கோ.”

அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். வித்யா உட்காரவில்லை. வெளியே போய்விட்டார்கள்.

சாயா வந்தது. சர்க்கரை அதிகம்.

ஜூலை 21, திங்கள். காலையிலேயே மழை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். தொடர்பே இல்லாத நாலு சொல், நடுவில் எண். இங்கே எழுதமாட்டேன். போனுக்கு நம்பர் வரும் பூட்டும் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி தேடவேண்டியிருக்கிறது. தேடுகிறேன். பழைய மெயில்களில் இருந்த பெண்கள் கோப்பை ஒன்றுவிடாமல் அழித்தேன். எடுத்துப் போனவனிடம் இருப்பதை என்னால் அழிக்க முடியாது.

தாளில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வரியை வெட்டவில்லை. அதன் கீழே என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: ‘பட்டியலை இணையத்தில் ஏற்றியவர் செயலாளர்.’ உண்மைதானே. இருக்கட்டும்.

செய்யவேண்டியவை:

செ.: பட்டியலை இணையத்திலிருந்து எடுக்க. இன்றே, சாப்பிடும் முன். பலகையில் பெயரும் நட்சத்திரமும் போதும். வருடம், போன், மெயில் வேண்டாம். யாருக்கு எண்பது என்று அவரவர் வீட்டில் தெரியும்.

முப்பத்தொரு வீடு: பாஸ்வேர்டு மாற்ற. மெயிலுக்கு ஒன்று, பேங்குக்கு வேறு. நாகப்பன் உட்பட. தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வைக்கலாம், தப்பில்லை. இதை அன்று நான் சொல்லியிருக்கவேண்டும்.

வகுப்பு: ஷிஹாப். நான் அல்ல. ஹாலை அவருக்குத் திறந்து கொடுக்கவேண்டியது செ.

ஷிஹாபிடம் போகவேண்டியது: நான். கடையில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து. அன்றும் ஆட்கள் இருந்தார்கள்.

கோப்பில் இருந்த மற்றப் பதிமூன்று பெண்கள்: வீடு வீடாகப் போய், என்ன போயிற்று என்று அவர்களிடமே சொல்லவேண்டியது நான். அப்பாக்களிடம் அல்ல. தெரியாத அழைப்பை எடுக்கவேண்டாம், ஏதாவது கண்டால் படம் பிடித்து வைக்கவேண்டும். இதையும் சொல்ல.

தங்கை மகன்: அப்புறம்.

பாகீரதி பெயர்: பட்டியலில் இருக்கும். அதை எவனும் தொடவேண்டாம்.

எர்ணாகுளத்துப் போலீசுக்குத் தாளைக் கொண்டுபோகவேண்டியது: நான். பத்து மணிக்குப் புறப்படும் போட்டில். வரிசையில் நிற்கவேண்டியது: நான். கேட்டால் பாஸ்வேர்டு என்னவாக இருந்தது என்று சத்தமாகச் சொல்லவேண்டியது: நான்.

வித்யா: ஒன்றும் இல்லை. இதுவரை எல்லாம் அவள்தான் செய்தாள்.