ரெஜிஷா எழுதிய நான்கு வரிகள்

புதுக்கடை,
14.9.2014, ஞாயிறு.

அன்புள்ள ரெஜிஷாவுக்கு,

ஜாஸ்பின் எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் அனுப்புநர் இடத்தில் சின்னவிளையில் இருக்கும் உன் அம்மாவின் முகவரியைத்தான் போட்டிருக்கிறேன். என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே வைத்துவிடுவாய் என்று பயம். அந்தக் கள்ளத்தனத்துக்கு முதலில் மன்னித்துக்கொள். இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இது சும்மா எழுதுகிற வாக்கியம் இல்லை.

உனக்கு மூன்று மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. பழைய எண்ணில் யாரோ ஒரு வங்காளி பேசினார். அதனால்தான் தபால். மஸ்கட்டில் வீட்டுக்குத் தபால் வராது, பெட்டி எண்ணுக்குத்தான் வரும் என்று உன் அம்மா சொன்னபோது, எடுக்க எத்தனை நாள் ஆகுமோ என்று கவலையாக இருந்தது. நாலு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாள் ஆனால் என்ன.

என் விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதே கல்லூரி, அதே லேப். அம்மா போன வருடம் தம்பியோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். காலையில் வைக்கிற குழம்பு ராத்திரிக்கும் வரும். கல்லூரியில் நாள் முழுக்கப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் பேருந்து டிரைவருக்கு குட்மார்னிங் சொல்லும் வரை வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஜங்ஷனில் துணிக்கடைக்கு மேலே நாம் வேலை செய்த அலுவலக அறை இருந்ததல்லவா, அதில் இப்போது மொபைல் ரிப்பேர் செய்கிறார்கள். நான் அந்தப் பக்கம் ஏறிப் பார்ப்பதில்லை.

ஜூன் மாதம் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். இந்த வருடம் கடைசி வருடப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் புராஜெக்டை கிட்ஹப்பில்தான் வைக்க வேண்டும், நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு அது பற்றி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைகளில் ஆளில்லாத லேப்பில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

உனக்குத் தெரிந்திருக்கலாம், இல்லாவிட்டால் சொல்கிறேன். நாம் எழுதுகிற புரோகிராமை இணையத்தில் வைக்கிற இடம் அது. வெறுமனே வைக்கிற இடம் இல்லை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும், யார் மாற்றினார்கள், எந்தத் தேதி, எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். ஏன் மாற்றினாய் என்று ஒரு வரி எழுதவும் சொல்லும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிட்டாலும் பழையதை மீட்டுவிடலாம். முதல் நாளே, அந்த 'ஏன்' என்ற வரியை எழுதச்சொல்லி வந்த கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டேன். வெளியே வருவது எப்படி என்று தெரியாமல் கணினியையே அணைத்தேன். நீ இருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். அடுத்த வாரம் ஒருவழியாக ஏற்றிப் பார்த்தால், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'லேப்-17' என்று இருந்தது. நான் யார் என்று அதற்குச் சொல்ல மறந்திருந்தேன்.

பழகிப் பார்க்க ஒரு புரோகிராம் வேண்டியிருந்தது. கையில் இருந்தது ஒன்றுதான், நம்முடைய ரத்தக்கொடையாளர் பட்டியல்.

இனி எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் இருந்து எழுதுகிறேன். நான் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

உங்கள் கோயில் இளைஞர்களும் எங்கள் சபை இளைஞர்களும் சேர்ந்து ரத்தம் கொடுப்பவர்களின் பெயரைச் சேர்த்தார்கள். அதற்கு நாம் இரண்டு பேரும் புரோகிராம் எழுதினோம். மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்தவர்களைத் தேடலில் மறைக்கிற பகுதியை எழுதியது நான். அதில் ஒரு தவறு இருந்தது. கடைசியாகக் கொடுத்த தேதி காலியாக இருந்தால், அதாவது இதுவரை ஒருதடவையும் கொடுக்காத ஆளாக இருந்தால், அவரையும் மறைத்துவிடும். நீதான் கண்டுபிடித்தாய். 2010 அக்டோபர் 8, வெள்ளிக்கிழமை, நான்கு வரி எழுதிச் சரிசெய்தாய். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிடியில் பதிந்து என் கையில் தந்தாய். அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டாய்.

இருபதாம் தேதி தாணம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனது. ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார்கள். நான்தான் தேடினேன். யாரும் இல்லை என்று வந்தது. யாரும் இல்லை என்றுதான் சொன்னேன். திருவனந்தபுரத்தில் இருந்து ரத்தம் வர மூன்று மணி நேரம் ஆனது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் தாணம்மாள் நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு நாள் கழித்து கிள்ளியூர் செல்வன் வந்து, நான் ஓ நெகட்டிவ்தானே, பெயர் கொடுத்திருந்தேனே, என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டான். அவன் அதுவரை ரத்தம் கொடுத்ததில்லை.

சபை ஹாலில் கூட்டம் போட்டு, செயலாளர் ஆன்ஸ்லின் அண்ணன் நம் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். நீ என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"நான் அத சரியாக்கினேன் மக்கா. நீயாவது சொல்லு."

அலுவலகத்தில் இருந்து கொண்டுவந்திருந்த கணினியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பினேன். "இதுல இல்லியே ரெஜிஷா. எழுதியிருந்தா எங்க போச்சு?"

"சிடி தந்தேனே."

"கம்ப்யூட்டர்ல இல்லாதது சிடியில இருந்து என்ன செய்ய?"

தப்பைத் திருத்தாமல் விட்டது மட்டுமல்ல, திருத்தினேன் என்று பொய்யும் சொல்கிறாள் என்று ஆட்கள் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜனவரியில் உனக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை எனக்கு வரவில்லை.

இந்த ஆகஸ்டில் அந்தப் புரோகிராமின் எல்லாப் பிரதிகளையும் திரட்டினேன். புதியது, கடைசி, கடைசி இரண்டு, உண்மையான கடைசி என்று எத்தனை ஃபோல்டர். பென் டிரைவில் கொஞ்சம், வீட்டுக் கணினியில் கொஞ்சம். மேசை இழுப்பறையின் அடியில் உன் கையெழுத்தோடு அந்த சிடி. தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். வந்த வரியைப் பச்சையிலும் போன வரியைச் சிவப்பிலும் அந்தத் தளம் காட்டும்.

ஏழாவதாக உன் சிடி. நான்கு வரி பச்சை. அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் உன் குறிப்பு: இதுவரை கொடுக்காதவங்களையும் காட்டணும்.

எட்டாவதாக ஏற்றியது என் வீட்டுக் கணினியில் இருந்த ஃபோல்டர். அக்டோபர் 10, ஞாயிறு சாயங்காலம். முகப்புப் பக்கம் பச்சையில் இருந்தது, அதை நீலம் ஆக்கியிருந்தேன். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் நான் நீலம் ஆக்கியது நீ சரிசெய்வதற்கு முன்னால் எடுத்துப்போன பிரதியை. திங்கட்கிழமை காலை அதை அப்படியே அலுவலகக் கணினியில் கொண்டுவந்து ஒட்டினேன். ஏற்கெனவே இருப்பதை மாற்றவா என்று அது கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன். உன் நான்கு வரியும் திரையில் சிவப்பாக நின்றன.

லேப்பில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் பூட்ட வந்தவர், என்ன டீச்சர், சுகமில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து வந்தேன்.

இதோடு நிறுத்தினால், தெரியாமல் செய்த தப்பு என்று ஆகிவிடும். முழுவதும் அப்படி இல்லை ரெஜிஷா. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு அந்த சிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்தேன். சிடியைக் கையில் எடுத்தேன். திரும்ப அடியில் வைத்தேன். நீ சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் போட்டுப் பார்க்கவில்லை. மறதி இல்லை. நாலு வருடமும் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் இருந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்ததால் வேறு வழியில்லாமல் பார்த்தேன். இல்லாவிட்டால் பார்த்திருப்பேனா என்று கேட்டால், பதில் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதே ஹாலில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேருக்கு விஷயமே ஞாபகம் இல்லை. சின்னப் பிள்ளைகள் யார் இந்த ரெஜிஷா என்று கேட்டார்கள். ஆன்ஸ்லின் அண்ணன், "அதெல்லாம் பழைய கதையல்லா, இப்ப எதுக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அவளுக்குப் பழசாகல்ல அண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் போய் அலமாரியைத் திறந்தார். கூட்டக் குறிப்பேட்டை எடுத்து, இதில் எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதினேன். போட்டார். தாணம்மாள் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவள் மகள் எல்கேஜி படிக்கிறாள். தாணம்மாள் என்னைத் திட்டவில்லை. ரெஜிஷாவிடம் சொன்னியா என்றுதான் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அப்படியானால் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்றாள்.

அங்கிருந்து நேராக உன் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உள்ளே கூட்டிப்போய்ப் பாலில்லாமல் கட்டன்சாயா போட்டுத் தந்தார்கள். சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள்.

"அவ உன்ன ஒரு குத்தமும் சொன்னதில்ல மோளே. ஒண்ணுமே சொன்னதில்ல. அதுதான் எனக்குப் பயம்."

வீட்டில் கணினி இருந்தும் நீ அதன் முன்னால் உட்காருவதில்லை என்றும், ஏதோ கிளினிக்கில் கணினி வேலைக்குக் கூப்பிட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டாய் என்றும் சொன்னார்கள். தெரியாது என்றா சொன்னாய்? என் புரோகிராமில் நான் பார்க்காத தவறைப் பார்த்தவள் நீ. அன்றைக்கு மணவாளக்குறிச்சி வரை நடந்தே வந்தேன். பஸ் இரண்டு போயின. கை நீட்டத் தோன்றவில்லை.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். பழைய மாற்றங்களை ஏற்றும்போது, உண்மையாக எழுதியவர் பெயரையும் எழுதிய தேதியையும் போட அதில் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்து, முதலில் இருந்து ஏற்றினேன். 2010 அக்டோபர் 8, ரெஜிஷா, நான்கு வரி. அக்டோபர் 10, ஜாஸ்பின். ஏன் மாற்றினாய் என்ற இடத்தில், முகப்பை நீலமாக்கினேன், ரெஜிஷா சரிசெய்ததை அழித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்ததில் உன் வரிகளைத் திரும்ப வைத்திருக்கிறேன். கொடையாளர்களின் பெயரும் எண்ணும் எதிலும் இல்லை, புரோகிராம் மட்டும்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இதைத்தான் திறந்து காட்டுகிறேன். அழித்தது யார் மிஸ் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன். அந்த இணையப் பக்கத்தின் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அந்தக் கிளினிக் வேலை இன்னும் காலியாக இருந்தால் போ. இல்லாவிட்டால் வேறு ஒன்றைப் பார். என்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள், அது நியாயம்தான். கணினி வேலையை மட்டும் விட்டுவிடாதே.

மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது என்று உன் அம்மா சொன்னார்கள். போட்டோ காட்டினார்கள். நெற்றி உன்னுடையது. அவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாமல், கேட்டதை எல்லாம் கொடுத்து, கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

என் எண் பழையதுதான், மாற்றவில்லை. ஐந்தரைக்குப் பேருந்து என்னை இறக்கிவிடும். அதற்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், எந்த நாளும். ஒருதடவை கூப்பிடு மக்கா. பேச வேண்டும் என்றுகூட இல்லை. நான் எடுத்ததும் வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு, அது போதும்.

இப்படிக்கு,
உன் ஜாஸ்பின்