வரைபடத்தைச் சுருட்டச் சொன்ன அக்காவுக்கு

அம்மருட், ஒஸ்லோ

அன்புள்ள அக்கா,

நான் பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாதமாகிறது. அம்மா அழுதா, மாமா ஏசினார். நீங்கள் மட்டும் ஞாயிறுதோறும் வந்து, அந்தக் கதையே எடுக்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனீர்கள். அக்கறை இல்லையோ என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் பயிற்சி வகுப்பில் கோப்பி ஊற்ற வந்தேன். காடு காக்கும் சங்கத்தாருக்கு, அரசாங்கத்தோடு சேர்ந்து காட்டுச் சொந்தக்காரரிடம் வரைபடத்தோடு போய், மரம் வெட்டாமல் பாதுகாக்கக் காட்டைத் தரும்படி எப்படிக் கதைப்பது என்று சொல்லிக்கொடுத்தீர்கள்.

"அவர் காட்டைத் தரமாட்டேன் என்றால்?" என்று ஒருவர் கேட்டார்.

"வரைபடத்தைச் சுருட்டிவிட்டு, கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்."

"கோப்பி குடிக்கவா அரசாங்கம் அனுப்புகிறது?" எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓம். அவருக்கே மனம் வரும்போது, கூப்பிடுவதற்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டுமே," என்றீர்கள்.

சிரிப்பு நின்றது, எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். இது என் அக்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் திரும்ப இடம் கேட்கப்போகிறேன். கூட வருவீர்களா?

உங்கள் தங்கச்சி