கன்னத்தில் மூன்று நீலக் கோடுகள்

ஜனவரி 22, புதன்
ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை பிரேம்நாத்துக்குப் போட்டாதாங் துறைமுகத்தில், கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. தரகர் கருப்பையா ஒன்றை மட்டும் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணத்துக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேணாங்கிறாங்க." அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வேலையை விடுவதா? ஏழாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும்போதுதான் எனக்கு மூச்சே ஒழுங்காக வருகிறது. ஆனால் வயது முப்பத்தொன்று. தலையை ஆட்டிவைத்தேன்.

ஜனவரி 23
தூக்கமில்லை. கரண்டும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி
என் வகுப்புப் பிள்ளைகளை, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீனில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய பிரிட்டனின் கெல்ட் மக்களைப் போல ஒரு நாள் வாழ்ந்து பார்க்க. மூங்கில் தட்டியில் சாணியும் களிமண்ணும் அப்பி வட்டக் குடிசைக்குச் சுவர் வைத்தோம். முதல் பெஞ்சு ஷிரின் மூக்கைப் பொத்திக்கொண்டே அப்பினாள். கல்லில் திரித்த மாவில் ரொட்டி — பாதி கரி, பாதி பச்சை மாவு. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சண்டைக்குப் போகும்போது அவர்கள் முகத்தில் ஒரு செடியின் நீலச் சாறு பூசுவார்களாம். அந்தச் செடிக்கு எங்கே போக? துணிக்குப் போடும் நீலத்தை, தினமும் கன்னத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்தில் குழைத்தோம். "சயாமா, நீங்களும்!" என்று, டீச்சரைக் கூப்பிடும் பர்மியச் சொல்லால் கத்தி, ஷிரின் என் கன்னத்தில் மூன்று கோடு இழுத்துவிட்டாள். கிளம்பும்போது பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் துடைத்தேன். என் முறை வருவதற்குள் போத்தல் காலி. ரயிலில் எல்லாரும் பார்த்தார்கள். வெட்கமாக இல்லை. ஏன் இல்லை?

ஜனவரி 25
அம்மா கடலை மாவு போட்டுத் தேய்த்தே நீலத்தை எடுத்துவிட்டாள். "நாளைக்கு வர்றவுங்க என்ன நெனைப்பாங்க, விஜயா?" பள்ளிக்கூடத்தை விட மாட்டேன்மா என்று சொல்ல வாயெடுத்தேன். என் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. கோழை நான்.

ஜனவரி 26, ஞாயிறு, காலை
அம்மா பூ வாங்க லத்தா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். மிச்ச நீலம் டப்பாவில் இருக்கிறது. குளியலறைக் கண்ணாடி. மூன்று கோடு.

மாலை
"நீலம் திரும்ப எழும்பிடுச்சும்மா" என்று புளுகினேன். அம்மா பூவை என் தலையில் வைத்துவிட்டாள். பிரேம்நாத்தின் அம்மா காப்பியைத் தொடவில்லை. பிரேம்நாத்தான் சிரித்துவிட்டு, "எரியுதாங்க?" என்றார். நல்ல மனிதர். சாணிச் சுவர் கதையைக் கூட ஆர்வமாகக் கேட்டார். எனக்கு மனசு ஆட்டம் கண்டது. "இந்தக் கூத்தெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் இருக்காது" என்றாள் அவர் அம்மா. பிரேம்நாத் தலை குனிந்துகொண்டார்.

"இருக்கும்" என்றேன். என் குரல்தானா அது?

ஜனவரி 27, திங்கள்
வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காலையிலேயே கருப்பையா போன் செய்தார். அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

அம்மா எனக்கு மதியச் சோறு கட்டிக்கொண்டே சொன்னாள்: "பாத்ரூம் ஜன்னல்ல இருக்கிற டப்பாவ எடுத்துக் கழுவி வை. நேத்து பூ வாங்கிட்டு வந்தப்பவே பாத்தேன். கெளம்பு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."