விதைக்கு விட்டதையும் அறு

நாள் 188. காலை 07:10
செவ்வாய், வடக்குத் தளம். எழுதுவது செண்பகவல்லி. தோட்டப் பொறுப்பு, கருவிப் பொறுப்பு, கூட்டிப் பெருக்கும் பொறுப்பு. மற்ற இருவரும் போன கப்பலில் திரும்பிவிட்டதால் எல்லாம் நானே. வெளியே −71. தோட்டத்தில் 22. இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது; கண்ணாடிக் கூரையில் வெயில் சாய்ந்து விழுகிறது. கோப்பில் இதற்கு ‘உயிர்ம அறை 2’ என்று பெயர். நான் வீட்டுத் தோட்டம் என்றுதான் சொல்வேன். நாலு பாத்தி.

வெங்காயத் தாள் சாய்ந்தது, பிடுங்கிக் காயப்போட்டேன். பூசணி ஐந்து. காம்பை நீளமாக விட்டு அறுத்தேன், இல்லையென்றால் அழுகும். நாலு கத்தரிக்காயில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், விதைக்கு. யாரும் தொடக்கூடாது. தொடுவதற்கு யார் இருக்கிறார்கள்!

நாள் 190. 16:40
பூமியிலிருந்து ஜெபசெல்வி. தரைக்கட்டுப்பாட்டில் என்னோடு பேசுகிறவள் அவள்தான். கல்லூரி விடுதியில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். “ஏட்டி செண்பகம்! கப்பல் கெளம்பிட்டு. 219-ஆம் நாளு ஒன் வாசல்ல வந்து நிக்கும். தோட்டத்த மொத்தமா அறுத்துரு. குளிருக்கு ஒண்ணும் வெதைக்காண்டாம். வெதைக்கு விட்டதையும் அறுத்து, அரைச்சு, எருத்தொட்டில போட்டுரு. கப்பல்ல எடம் கெடையாது, மிச்சம் வைக்காம வயிறு நெறைய தின்னு.”

ஊருக்குப் போகிறேன்! பாத்திகளுக்கு நடுவே ஆடினேன். இங்கே உடம்பு எடை குறைவு, ஆட்டம் நன்றாகவே வந்தது.

நாள் 196. 18:00
எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கியாயிற்று. தக்காளிக் காய்களைத் துணியில் சுற்றி வைத்தேன், பழுக்கட்டும். தினமும் பூசணிக் கூட்டு. அதன் விதையை வறுத்துக் கொறிக்கிறேன். நூல் கட்டிய கத்தரியைக் கடைசியில் அறுத்தேன். மஞ்சளாகி, கைக்குக் கனமாக இருந்தது. மனசு கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறவர்கள்தான் விதைக்காயையும் அறுப்பார்கள். நானும் காலிதானே செய்கிறேன் என்று அரைவை இயந்திரத்தில் போட்டேன்.

நாள் 203. 09:05
இறங்குதளத்தில் விளக்கும் வழிகாட்டி ரேடியோ அலையும் நின்றுவிட்டன. அவை இல்லாமல் கப்பல் இறங்க முடியாது. பழுது என்று நினைத்துக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பழுது இல்லை. பூமியிலிருந்து வந்த கட்டளை.

11:50
கட்டளைக் கோப்பைத் திறந்தேன். அப்படியே எழுதுகிறேன்: “குளிர்கால மின் பங்கீடு. இறங்குதளம்: நாள் 203 முதல் நிரந்தர நிறுத்தம். தோட்டம்: நாள் 210 முதல் சூடு நிறுத்தம். ஆய்வுக் கருவிகள்: நாள் 360 வரை முழு மின்சாரம்.” தயாரித்த தேதி நாள் 187. ஜெபசெல்வி கப்பல் என்று சொன்னதற்கு மூன்று நாள் முன்பு.

கப்பலே இல்லை. குளிரில் இருக்கிற மின்சாரம் ஒன்று தோட்டத்துக்குப் போதும், இல்லை கருவிக்குப் போதும். செடி நின்றால் நான் சூட்டை நிறுத்த விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் என் கையாலேயே பிடுங்க வைத்தாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள்.

நாள் 208. 17:30
ஐந்து நாளில் ஒன்பது முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. சாப்பாடு இன்னும் 22 நாளுக்கு.

நாள் 209. 13:00
துணியில் பழுத்திருந்த தக்காளி இரண்டு. பிதுக்கி விதை எடுத்து நட்டேன். மிஞ்சிய வெங்காயத்தையும் ஊன்றினேன். கருவிகளை அணைத்து மின்சாரத்தைத் தோட்டத்துக்குத் திருப்பினேன்.

13:27
இப்போது மட்டும் பதில் வருகிறது. “செண்பகம், கருவி ஏன் நின்னுட்டு? ஒடனே போடு. டேட்டா போவுது.”

கப்பல் உண்டா இல்லையா, ஒரே வார்த்தை சொல் என்று கேட்டேன்.

13:55
“மேல உள்ளவங்க முடிவு ஏட்டி. நான் என்ன செய்ய? அழாண்டாம். கருவிய மட்டும் போட்டுரு.”

நான் அழவில்லை. எனக்கு எரிகிறது.

15:20
தோட்டம் 19. பிறகு 15. பிறகு 11. அங்கிருந்தே அணைக்கிறார்கள். போடுகிறேன், அணைக்கிறார்கள். அரிவாளை எடுத்துப் போய் ஆன்டெனா கேபிளை அறுத்துவிட்டேன். இனி அவர்களால் எதையும் அணைக்க முடியாது. என் குரலும் இனி அங்கே போகாது. தோட்டம் 14. ஏறுகிறது.

நாள் 233
சாப்பாடு முடிந்து மூன்று நாள். வெங்காயத்தாளைக் கிள்ளித் தின்கிறேன். தக்காளி ஆறு முளைத்தது, மூன்று நிற்கிறது. பழம் வர இன்னும் இரண்டு மாதமாவது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு போடுவதை விட்டுவிட்டேன்.

நாள் 241 அல்லது 242
தண்ணீர்க் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்திருக்கிறேன். நான் எழவில்லை என்றாலும் பாயும். சூடு 21. செடிக்கு நான் தேவையில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு. பூட்டவில்லை, உள்ளே வாருங்கள். பழம் இருந்தால் பறித்துத் தின்னுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஜெபசெல்விக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஒன்றுகூட. அவள் கேட்டால்