ரூஃபியாவுக்கு எத்தனை கிடா

வடகாடு,
ஆனி 28

அன்புள்ள பிரகதீஸ்வரியின் அப்பாவுக்கு,

அமுதவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகளும் மாடும் நலம். அங்கே உங்கள் நலமும் சீஷெல்ஸ் ரூபாயின் நலமும் அறிய ஆவல்.

போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் முதலில் அன்றைய ரேட்டைச் சொல்கிறீர்கள். பிறகு மகள் பிடுங்கிக்கொள்கிறாள். என் முறை வரும்போது உங்களுக்கு டூட்டி வந்துவிடுகிறது. ஆகவே மணமேல்குடி பெலிக்ஸ் தம்பியிடம் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஓட்டலில்தான் வேலை, உங்கள் சம்பளம்தான் அவருக்கும். லீவில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். இந்த ரேட்டில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "பிளைட்லதான்க்கா" என்றார்.

உங்கள் அண்ணன் ஆடி இருபத்தைந்தில் மொய் விருந்து வைக்கிறார். பத்திரிகை வந்துவிட்டது. ரத்தினவேல் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'மாலத்தீவு' என்று போட்டிருக்கிறார். அங்கிருந்து ஒரேயடியாகத் திரும்பி மூன்று வருடம் ஆகிறது என்பது அச்சகத்துக்குத் தெரியாது போலும்.

ஆறு வருடத்துக்கு முன் நம் விருந்தில் அவர் பத்தாயிரம் ரூஃபியாவை மாலத்தீவு நோட்டாகவே மொய் வைத்ததும், மைக்கில் அதை அறிவித்ததும் பந்தியில் கறி கேட்ட குரல்கள்கூட அடங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதை மாற்றித்தான் போர் போட்டோம். இப்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும், வாங்கியதற்குக் குறையாமல். உங்கள் சம்பளமோ சீஷெல்ஸ் ரூபாய். அப்படியானால் ஒரு ரூஃபியாவுக்கு எத்தனை சீஷெல்ஸ் ரூபாய், அதுவும் எந்தத் தேதி ரேட்டில்? ஊரில் இப்போது இதுதான் பேச்சு. மழையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

உங்கள் அண்ணன் போனில் பத்து வருடத்து ரேட்டின் கோட்டுப்படம் வைத்திருக்கிறார். டீக்கடையில் அதை விரலால் பெரிதாக்கிக் காட்டுகிறார். சீஷெல்ஸ் எந்தக் கடலில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. கோடு எந்த மாதம் விழுந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். கொரோனா வருடத்தில் உங்கள் பணம் படுத்துக் கிடந்ததாம். ஒரு ரூஃபியாவுக்கு ஒன்றேகாலுக்கு மேல் வைக்க வேண்டிய காலமாம். அந்த ரேட்தான் வேண்டும் என்கிறார். "அந்த வருசம் ஊர்ல யாரும் விருந்தே வைக்கலையே மச்சான்" என்றேன். "விருந்து இல்லேன்னா என்னாத்தா, ரேட்டு இருந்துச்சுல்ல" என்றார்.

நான் நம் விருந்து நடந்த தேதியின் ரேட் என்று நின்றேன். அன்று ஒரு ரூஃபியாவுக்கு உங்கள் பணம் ஒன்றுகூட முழுதாக வராது. அன்றிலிருந்து உங்கள் அண்ணி பொன்னுத்தாய் அக்கா குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தைப் பார்க்கிறார். எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் கூடிப் பேசினார்கள். மொய் எழுதும் ராக்கன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கடலும் வேணாம், இந்தக் கடலும் வேணாம். அன்னைக்கு அந்தக் காசுக்கு எத்தன கெடா வாங்கலாம்? அஞ்சு. இன்னைக்கு அஞ்சு கெடா என்ன வெலையோ அத வச்சுட்டுப் போங்கப்பா" என்றார். உங்கள் அண்ணன் சற்று யோசித்துவிட்டுப் போனை மடியில் செருகிக்கொண்டார். அக்கா என்னிடம் "சாப்டியாடி" என்றுகூடக் கேட்டார். ஐந்து கிடாவுக்கான பணம் நம் கணக்கிலேயே இருக்கிறது. நியாயமான தீர்ப்பு.

நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மொய் வாங்குனது அவுக. ரெண்டு காசும் தெரிஞ்சதும் அவுகதான். அவுக வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ராக்கன் பின்னாலேயே வந்து, "இதுக்கு மேல என்னதான் வேணும் ஒனக்கு" என்றார்.

நீங்கள் போய் நான்கு வருடம். ரேட் இறங்கியிருக்கிறது, ஏறட்டும், வருகிறேன் என்றீர்கள். ஏறியது. ஏறியிருக்கும்போது வேலையை விட்டு வருவது முட்டாள்தனம் என்றீர்கள். இப்போது அசையாமல் நிற்கிறதாம். எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறீர்கள். இந்த மூன்றைத் தவிர ஒரு பணத்துக்கு வேறு என்ன செய்யத் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. பிரகதீஸ்வரி உங்கள் நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். தோள் சரியாக இருக்கிறது.

இப்போது ஊரில் என்னைப் பணத்தாசை பிடித்தவள் என்கிறார்கள். சொல்லட்டும். நீங்கள் வந்து நிற்கும்வரை எந்த ரேட்டுக்கும் நான் தலையசைக்கப் போவதில்லை. வந்து நின்று, உங்கள் அண்ணன் கேட்கும் கொரோனா ரேட்டிலேயே கொடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னாலும் எனக்குச் சம்மதம். அதற்கு மேலே போனாலும் சம்மதம்.

காளியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். பெலிக்ஸ் தம்பி ஏறி வந்த அந்த பிளைட்டிலும்.

இப்படிக்கு,
ஒத்துக்கொள்ளாத
அமுதவல்லி