நான் தூக்கிக் கொடுத்த குட்டி

மார்ச் 3, ஞாயிறு

நாய்க் கண்காட்சி முடிந்து இப்போதுதான் வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் இனத்தில் இன்று பதினெட்டு நாய்கள் இறங்கின. அதில் பதினொன்று என் தங்கச்சி வளர்க்கும் சாம்பலின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நடுவர் ஒவ்வொன்றாகத் தாடையைத் தூக்கிப் பார்த்தார். "சாம்பல் தலை. பாத்தவுடனே தெரியுது" என்றார். பிறகு என் நாய் மையிடம் வந்தார். "நல்ல நாய்தான். பழைய மாதிரி" என்றார். மூன்றாம் இடம்.

பழைய மாதிரி என்றால் என்ன? சாம்பலுக்கு முந்தைய மாதிரி. அவ்வளவுதான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நின்றிருந்தாள். அவள் நாய் இறங்கவே இல்லை, ஒன்பது வயதாகிவிட்டது. ஆனாலும் கூட்டம் அவளைச் சுற்றித்தான். கைகாட்டினாள். நானும் காட்டினேன். வயிறு எரிந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் தையல் மெஷினுக்கு அடியில் பிறந்த ஐந்து குட்டிகளில் சாம்பலும் ஒருத்தன். கழுத்து குட்டை, தடிமன். நான் கருமூஞ்சிக் குட்டியை வைத்துக்கொண்டேன், அவள் மகள்தான் மை. அவனைத் தூக்கித் தங்கச்சி மடியில் போட்டேன். "எடுத்துட்டுப் போ, வாசல்ல காவலுக்காவது ஆகும்" என்றேன். ஒரு வருஷத்தில் அந்தக் கழுத்து நீண்டு, தடித்து, நிமிர்ந்து நின்றது. இப்போது எங்கள் நாய் வளர்ப்போர் சங்கம் நல்ல நாய்க்கு எழுதி வைத்திருக்கும் அளவுகோலில் கழுத்தைப் பற்றிய வரியையே அவனைப் பார்த்துத்தான் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் வேண்டாமென்ற கழுத்து அது.

மார்ச் 4

நேற்று எழுதியதைப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது. கிழிக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஜாக்கெட் அளவு எடுக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சாம்பல் பாயில் படுத்திருந்தான். மூக்கைச் சுற்றி வெளுத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து முழங்காலில் தலையை வைத்தான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

இணை சேர்க்க யாரோ ஒரு பெட்டையைக் கொண்டுவந்து காத்திருந்தார்கள். தங்கச்சி அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசித் திருப்பி அனுப்பிவிட்டாள். கேட்டால், "அவனுக்கு வயசாச்சுக்கா" என்றாள். எவ்வளவு பெருமை இருந்தால் வந்தவர்களை அப்படி அனுப்ப முடியும்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலிலிருந்து வந்ததும் இதைச் சொன்னேன். "உனக்கு நாய் மேல கோபமா, தங்கச்சி மேல கோபமா? அதை முதல்ல முடிவு பண்ணு" என்றார். நான் பட்டன் தைத்தேன்.

ஏப்ரல் 7

சங்கத்தின் குட்டிப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. அதனால் போனும் எனக்குத்தான் வரும். இன்று ஒரு பள்ளி ஆசிரியை பேசினார். நாலு வயது நாய். சாயங்காலமானால் நாற்காலியில் முட்டிக்கொள்கிறதாம். "தினமும் அங்கயேதான் இருக்கு அந்த நாற்காலி" என்றார்.

போன வாரம் இதே மாதிரி ஒருத்தர் சொன்னார். அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு நாய்களுக்கும் அப்பா வழியிலும் சாம்பல், அம்மா வழியிலும் சாம்பல்.

ஏப்ரல் 11

மூன்றாவது நாய். அதற்கும் இரண்டு வழியிலும் அவன்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் வேறு எங்கே உண்மை எழுதுவது?

ஏப்ரல் 20, சனி

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு விலங்குகளின் கண் மருத்துவரைப் பார்க்கப் போனேன். பொறுமையாகச் சொன்னார். இது ரத்த வழியில் வருவது. அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. சுமந்துகொண்டு திரியும், நன்றாகப் பார்க்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும். இரண்டு பக்கமும் வந்தால் மூன்று நாலு வயதில் பார்வை போகும். மருந்து கிடையாது.

முப்பத்தெட்டு ஈத்து, இருநூற்றுச் சொச்சம் குட்டிகள் என்று நான் பதிவேட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஒரே நாய்க்கு ஆசைப்பட்டீங்க. அப்புறம் அதோட பேரனுக்கும் பேத்திக்கும் முடிச்சுப் போட்டீங்க. இது வராம என்ன செய்யும்?"

சாம்பல், அவன் அப்பா, அம்மா மூன்று பேரின் எச்சிலும் பரிசோதனைக்கு வேண்டுமாம். அப்பன் நாய் கடிகாரம் பழுது பார்ப்பவர் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அம்மா, எங்கள் கிழவி. பதின்மூன்று வயது. மெஷினுக்கு அடியில் குறட்டை விடுகிறாள்.

சாம்பலின் எச்சிலை எடுக்கும்போது தங்கச்சியிடம், "சும்மா, பதிவேட்டுக்கு" என்றேன். ஒன்றும் கேட்காமல் அவன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

மே 6

ஜூன் இரண்டாம் தேதி சங்கத்தின் பொதுக்கூட்டம். அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பக்கம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியதில்லை.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றார் வீட்டுக்காரர். கூட்டத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மே 16

முடிவு வந்தது. சாம்பல் சுமக்கிறான். அப்பன் சுத்தம்.

கிழவிதான்.

மல்லாந்து படுத்துக்கொண்டு காறித் துப்பினால் எங்கே விழும்?

மே 17

இது மருத்துவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. நான் பொய் சொல்லத் தேவையே இல்லை. ஒரு வரியை விட்டால் போதும். எட்டுப் பக்கமும் அப்படியே இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் உண்மையாக இருக்கும்.

கிழவி காலடியில் வந்து படுத்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? சாம்பலுக்கும்தான் என்ன தெரியும்?

ஒரு வரி. விட்டால் என்ன?

மே 21, செவ்வாய்

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அறிக்கையை அவள் கையில் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே எட்டுப் பக்கமும் படித்தாள். கடைசியில், "எனக்கு ஜனவரியிலயே தெரியும்கா" என்றாள்.

இரண்டு பேர் அவளிடம் நேராகவே வந்து சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து அவள் சாம்பலை யாருக்கும் கொடுக்கவில்லை. வயசாச்சு என்று சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறாள். அன்று நான் பெருமை என்று நினைத்தது இதைத்தான்.

"திருப்பி அனுப்பினா மட்டும் ஆச்சா? என்கிட்ட ஏன்டி சொல்லல? பதிவேடு என்கிட்டதானே இருக்கு? இந்த நாலு மாசத்துல அவன் பேரனுக்கும் பேத்திக்கும் எத்தனை ஜோடி போட்டாங்க தெரியுமா?"

"சொன்னா நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

"சிரிச்சேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்வையைத் திருப்பவில்லை. பிறகு அந்த விட்டுப்போன வரியைச் சொன்னேன். அப்பன் சுத்தம், கிழவிதான் என்று. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், நானாக இருந்தால் பட்டிருப்பேன். "ஐயோ, கிழவிய ஏதாவது சொல்லுவாங்களேக்கா" என்றாள்.



ஜூன் 2, ஞாயிறு

வாசித்தேன். ஒன்பது பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் கிழவி.

சங்கத் தலைவர் மருந்துக்கடைக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். அவரே எழுந்து நின்றுவிட்டார். "சாம்பலோட தாய் யாரு வீட்டு நாய்?" ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்கிறார். "என் நாய்" என்றேன். குரல் நடுங்கவில்லை. 

"நாலு மாசம் மறைச்சிருக்காங்க" என்று பின்வரிசையில், ஜனவரியில் அவளிடம் போய்ச் சொன்னவர்களில் ஒருத்தர், தங்கச்சியைப் பார்த்துக் கத்தினார். தங்கச்சி எழுந்து, ஆமாம், தப்புதான் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாதிப் பேர் இளகிவிட்டார்கள். நான் ஒன்பது பக்கம் வாசித்தும் ஒருத்தரும் இளகவில்லை. அவள் ராசி அப்படி.

முடிவு: எல்லா நாய்க்கும் எச்சில் பரிசோதனை. அது முடியும்வரை குட்டிப் பதிவு கிடையாது. வீடு வீடாகப் போய் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தங்கச்சி கை தூக்கினாள். அவள் தூக்கிவிட்டாளே என்று நானும் தூக்கினேன்.

ஜூன் 30

மையும் சுமக்கிறாள். பயந்ததுதான். ஆனாலும் அழுதேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று ஆறு வீடு. மொத்தம் எழுபத்திரண்டு முடிந்திருக்கிறது. இருபத்தொன்று சுத்தம். அதில் ஒன்பதுக்குச் சாம்பல் தாத்தா, தலை அப்படியே அவன்தான். அவற்றை வைத்துத்தான் இனி ஜோடி போட வேண்டும். மெதுவாகத்தான் ஆகும்.

எல்லா வீட்டிலும் தங்கச்சிக்குத்தான் நல்ல நாற்காலி. எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. எரியட்டும்.

ஐந்தாவது வீடு அந்தப் பள்ளி ஆசிரியையுடையது. நாய் சுவரை உரசியபடியே நடந்து எங்களிடம் வந்தது. இப்போது பகலிலும் தெரியவில்லையாம். ஆசிரியை எங்களை ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததும் தங்கச்சி உடைந்துவிட்டாள். காரில் ஏறி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே வண்டியை எடுத்தாள். ஆறாவது வீடு அடுத்த தெருவில், நான் மட்டும் இறங்கினேன். கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து கத்தினவர் வீடு. அவருடைய இரண்டு நாய்க்குமே பார்வை போய்விட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காரைப் பார்த்துவிட்டார்.

"எங்க அந்தம்மா? இறங்கி வரச் சொல்லுங்க. நாலு வார்த்தை கேக்கணும்."

தங்கச்சி கதவைத் திறக்கப் போனாள். நான் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே எதுவும் கேட்காது.

"அவ கைக்கு அந்த நாய் போனதே என்னாலதான்" என்றேன். "தாய் என் நாய். குட்டி என் வீட்டுக் குட்டி. கேக்கறதை என்கிட்ட கேளுங்க."

கேட்டார். நாலு வார்த்தை இல்லை, கால்மணி நேரம். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. எல்லாவற்றையும் நின்று கேட்டேன். அப்புறம் அவரே கேட்டைத் திறந்து, நாய்களைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். "என்னக்கா சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாய்க்கும் எடுத்தாச்சு. வண்டிய எடு."