சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றவள்

இன்று காலை கொல்லைப்புறத்திலிருந்து மிஷின் கார்பன் கருகும் வாடை வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த நான் சட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. இன்னும் அந்த வாடைக்கு என் கால் தானாக நடக்கிறது, வெட்கங்கெட்ட கால்.

போய்ப் பார்த்தால் உங்கள் மகன் உங்களுடைய கட்டிங் மிஷினை எடுத்து, திராட்சைப் பந்தலுக்குக் குழாய் அறுத்துக்கொண்டிருக்கிறான். மருமகள் சுவரோரம் சுவிட்சில் விரலை வைத்தபடி நிற்கிறாள். "நிப்பாட்டுடி!" என்று கத்தினான். அப்படியே உங்கள் குரல். அவள் பதறி அமுக்கினாள்.

"நீ எதுக்கும்மா இங்கன நிக்கிற?"

"அவுகதான் நிக்கச் சொன்னாக, அத்தை. மிஷின்ல சுவிட்சு இல்லையாம்ல."

செத்த பிறகாவது உங்களை 'நீ' என்று எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வரமாட்டேன் என்கிறது. இருக்கட்டும், மரியாதையோடே சொல்கிறேன்.

அந்த மிஷினின் சுவிட்ச் கருகிய அன்று, உள்ளே இருந்த ஒயரை நேராக முறுக்கிச் சேர்த்து டேப்பைச் சுற்றினீர்கள். பிளக்கும் கிடையாது. இரண்டு ஒயர் முனைகளைச் சுவர் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியதுதான். மிஷினைப் பிடிக்க உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். சுவர் சுவிட்சுக்கு நான். "கத்துனா அமுக்கு. யோசிக்காத. யோசிக்கிற வேலை என்னோடது" என்றீர்கள்.

உங்களுக்கு மண்டியில் கணக்குப் பிள்ளை வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மிஷின் வைத்தியம். பண்ணைப்புரத்திலிருந்தெல்லாம் டிரில்லும் மோட்டாரும் வரும். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாயால் ஊதி, மோட்டாருக்குள் உரசும் புதுக் கார்பன் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். பெற்ற பிள்ளையைக்கூட நீங்கள் அவ்வளவு பதமாகத் தொட்டதில்லை. சுவிட்ச் போன மிஷின் வந்தால், "இத இப்பிடி விடப்படாதுப்பா, ஆளையே கொன்னுபோடும்" என்று ஊராருக்குப் புத்தி சொல்லிப் புதிதாக மாட்டிக் கொடுப்பீர்கள். அடுப்படியில் இருந்த என் காதில் அது விழுந்தது. சோறு போடும்போது கேட்டேன்: "நம்ம மிஷினுக்கும் ஒண்ணு மாட்டுனா என்ன?"

நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம வீட்டுக்குத்தான் நீ இருக்கியே."

குழம்பை ஊற்றினேன். வேறென்ன செய்ய?

என் தம்பி மயிலாடும்பாறையிலிருந்து வந்திருந்த அன்று குக்கர் விசில் அடித்தது, ஒரு நொடி திரும்பியதில் நீங்கள் கத்தியும் அமுக்கப் பிந்திவிட்டேன். அறுக்கிற தட்டு உடைந்து, சில்லு ஒன்று உங்கள் முழங்காலைக் கீறியது. எழுந்து வந்து, கிரீஸ் கையோடு என் கன்னத்தில் அறைந்தீர்கள். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தீர்கள். "எங்க வீட்டு சுவிட்சு கொஞ்சம் லேட்டாத்தான் வேலை செய்யும், மாப்ள." அந்தப் பாவியும் கூடச் சேர்ந்து சிரித்தான். சோப்புக்குக் கறை போகவில்லை. "மண்ணெண்ணெய் தொட்டுத் துடை, போயிரும்" என்று யோசனையும் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து உங்களை வெறுத்தேன். அவசரமே இல்லாமல், சோறு போட்டுக்கொண்டே, துணி துவைத்துக்கொண்டே வெறுத்தேன். ஆனால் நீங்கள் கத்தி முடிக்கும் முன்னால் என் விரல் அமுக்கிவிடும். அதற்கப்புறம் ஒரு தடவைகூட நான் பிந்தியதில்லை. அதை நீங்கள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அப்புறம் குளிக்கப் போன இடத்தில் மண்டைக்குள் நரம்பு வெடித்து விழுந்தீர்கள். தேனி ஆஸ்பத்திரியில், வாயில் குழாயும் தலைமாட்டில் ஒரு மிஷினுமாகக் கிடந்தீர்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மூச்சு மிஷின்லதான் ஓடுதும்மா. இனி அவரு திரும்ப மாட்டாரு. நிறுத்துறதுன்னா நீங்கதான் சொல்லணும்."

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உங்கள் தம்பிமார் தரையைப் பார்த்தார்கள். நான் உங்கள் வாயைப் பார்த்தேன். கத்துங்களேன், ஒரே ஒரு தடவை கத்திவிடுங்களேன் என்று காத்து நின்றேன். நீங்கள் கத்தவில்லை. உங்களுடையது என்று வைத்திருந்த யோசிக்கிற வேலையை, அத்தனை பேர் முன்னால் என் தலையில் போட்டுவிட்டுச் சும்மா கிடந்தீர்கள்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

எழவு வீட்டில் உங்கள் அக்கா எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "ஒரு நிமிசம் யோசிச்சாளா பாரு!" நீங்கள் பழக்கியது அப்படி என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

இன்று மருமகளின் விரலைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். தீக்குச்சியைப் பிடுங்கி, உங்கள் கட்டிங் பிளேயராலேயே ஒயரை நறுக்கினேன். மகன் துள்ளினான். "ஏம்மா, அப்பா நெனப்பா இருக்கறது இது ஒண்ணுதான!"

"புதுச் சுவிட்சு மாட்டிட்டு நெனச்சுக்க. எம் மருமக சுவிட்சு இல்ல."

முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சு வாங்க வண்டியை எடுத்துக் கம்பம் டவுனுக்குப் போனான். சாயந்திரம் மாட்டி முடித்து, "நீயே அமுக்கிப் பாரும்மா" என்று நீட்டினான். அமுக்கினேன், ஓடியது. விரலை எடுத்தேன், நின்றுவிட்டது. இத்தனை வருஷம் நான் பார்த்த வேலையைக் கட்டைவிரல் அளவு சாமான் ஒன்று பார்க்கிறது.

ஆனாலும் தெருவில் எவனாவது கத்தினால் என் கை இன்னும் சுவரைத்தான் தேடுகிறது. நீங்கள் கத்தாமல் நான் நிப்பாட்டியது உங்களை மட்டும்தான்.